ஐந்தாம் சிலிண்டரின் சிவப்புக் குறி

எஞ்சின் ஓடத் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் அந்தச் சத்தம் வந்தது. வெடிச்சத்தம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அறிக்கையில் நானும் அப்படித்தான் எழுதினேன். உண்மையில் முதலில் கேட்டது ஒரு தட்டல். மரியாதையான தட்டல். உள்ளே யாரோ இருந்துகொண்டு, வெளியே வரலாமா என்று கேட்பது போல இருந்தது. இரண்டாவது தட்டலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் ஐந்தாம் சிலிண்டரின் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் முழங்கை நீள இரும்புத் தண்டு, எஞ்சினின் பக்கவாட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கதவுத் தகடு பறந்துபோய் எதிரே இருந்த தூணில் மோதியது. கொதிக்கும் எண்ணெய் தரையெல்லாம் பரவியது. புகை அடங்கியபோது தூணில் நெஞ்சு உயரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. சோதனை ஓட்டம் நடக்கும்போதெல்லாம் போரோ மிஸ்திரி அந்தத் தூணில் சாய்ந்து நின்றுதான் எஞ்சினைக் கேட்பார். அன்று எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பதற்காக அரை நிமிடம் முன்புதான் முன்பக்கம் போயிருந்தார். திரும்பி வந்து, பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, பிறகு அதே கையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். “அளவு சரியா இருக்கு ஷார்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அதில் எண்ணெய் வழிந்திருந்தது என்பது வீட்டுக்குப் போய் மனைவி என் கால்சட்டையைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

இது நடந்து பதினைந்து வருடம் ஆகிறது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் கரையில், இழுவைப் படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் ஆய்வுப் பிரிவின் அதிகாரியாக இருந்தேன். போரோ மிஸ்திரி என்றால் பெரிய மேஸ்திரி. பட்டறையில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். சம்பளச் சீட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது, அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஒல்லியான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், எப்போதும் தோளில் கம்சா என்னும் கட்டம் போட்ட துண்டு. என்னோடு இந்தியும் வங்காளமும் கலந்து பேசுவார்; முப்பது வருடம் இந்த ஊரில் இருந்ததால் நானும் அதே கலவையில் பதில் சொல்வேன். இங்கே அதைத் தமிழில் எழுதும்போது சாரை அவர் உச்சரிக்கும் அந்த ‘ஷார்’ ஒன்றைத்தான் காப்பாற்ற முடிகிறது.

அவர் எஞ்சினைக் காதால் கற்றவர். நான் தாளால் கற்றவன். ஓர் எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டுவதற்குத் தொண்ணூற்றாறு படிகள் கொண்ட ஒரு செயல்முறைக் கையேட்டை நான் எழுதியிருந்தேன். எந்தப் பக்கத்தில் எந்தப் படி என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றவனை யாரும் அப்படி எழுப்பிக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அதில் நான் பெருமைப்பட்ட படி அறுபத்திரண்டு: கனெக்டிங் ராடின் நட்டுகளை, குறித்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கியவுடன், ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் இறுக்கியாகிவிட்டது, இல்லையென்றால் இல்லை. அறுபத்து மூன்றாவது படி: ஆய்வாளர் தன் கையால் அதே ரெஞ்சை வைத்து ஒவ்வொரு ராடிலும் ஒரு நட்டையாவது சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

கையேட்டோடு கூட நான் ஒரு பதிவேடும் வைத்திருந்தேன். பட்டறையில் நடக்கும் தவறுகளின் பதிவேடு. மாதாந்திரக் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிப்பேன். வெறுமனே படித்தால் யாருக்கும் உறைக்காது என்று கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்ப்பேன். காற்றுக் குழாய்க்குள் தன் கம்சாவை மறந்து மூடிவிட்ட ஃபிட்டரைப் பற்றி, “இந்த மாதம் நம் எஞ்சின் ஒன்று ஆடை உடுத்தப் பழகியிருக்கிறது” என்று தொடங்கினேன். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை நடுவில் துளை வெட்டாமலே தண்ணீர்க் குழாயில் வைத்துப் பூட்டிவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தவரைப் பற்றி, “நமது நண்பர் ஆற்றுக்கே அணை கட்டிவிட்டார்” என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சம்பந்தப்பட்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்சாக்காரரை அதன் பிறகு எல்லோரும் ‘துணிக்கடை’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் அவர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனார். என் முறை வேலை செய்கிறது என்பதற்கு அதை ஓர் ஆதாரமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின நாள், ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று பக்கவாட்டுக் கதவுகள் திறந்தபடி நின்றது. ராடுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு நட்டு. போரோ மிஸ்திரி முதல் நான்கு ராடுகளை இறுக்கிப் புள்ளி வைத்திருந்தார். மிச்சம் இரண்டும் கையால் திருகிய நிலையில் இருந்தன. அதற்குள் விஸ்வகர்மா சிலை லாரியில் வந்து இறங்கிவிட்டது. சிலை வந்துவிட்டால் கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். மறுநாள் முழுக்க யாரும் ஒரு ஸ்பானரைக்கூடத் தொட மாட்டார்கள். டார்க் ரெஞ்சும் மாலை சுற்றிக்கொண்டு மேடைக்குப் போனது.

பூஜையன்று குடும்பங்கள் பட்டறைக்கு வருவது இந்த ஊர் வழக்கம். என் மனைவியும் வந்தாள். அன்று ஊரே பட்டம் விடும்; ஆற்றுக் காற்றில் பட்டங்கள் அறுந்து விழுந்தன; பிள்ளைகள் கிரேன் மேல் ஏறக் கூடாத இடத்தில் ஏறினார்கள். இயந்திரங்களுக்குப் பொட்டு வைக்க, போரோ மிஸ்திரி ஒரு கிண்ணத்தில் கடுகெண்ணெய் விட்டு சிந்தூரத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். அவளை அவர் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

“பௌதி, இந்தத் தடவை உங்க கையால வையுங்க. ஷார் கை வெச்சா மெஷின் பயப்படுது.”

“உங்க ஷார் கை வெச்சா வீட்ல மிக்ஸியும் பயப்படுது” என்றாள் அவள். நான் மேலாளரோடு கிச்சுரி என்னும் பூஜைக் கிச்சடி சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை சிலையைக் கரைக்க போரோ மிஸ்திரி படித்துறைக்குப் போனார். போகும்போது தனக்கு அடுத்த நிலையில் இருந்த இரண்டாவது ஃபிட்டரிடம், மிச்ச ராடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஃபிட்டர் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு நட்டிலும் சிவப்பு. பெரியவரே முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று என்னை ஆய்வுக்குக் கூப்பிட்டார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு சிவப்பு. “ரெஞ்ச் கொண்டு வரட்டுமா ஷார்? இன்னும் மாலையோட மேடையில இருக்கு” என்றார் ஃபிட்டர். அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வேண்டாம் என்றேன். அறுபத்து மூன்றாம் படிக்கு எதிரே ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். மதியம் போரோ மிஸ்திரி திரும்பியபோது கதவுகள் பூட்டியிருந்தன, தாளில் என் கையெழுத்து இருந்தது. ஃபிட்டர்தான் இறுக்கியிருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரும் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து நான்காவது நிமிடம் வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அறிக்கை எழுதும் பொறுப்பு, இயல்பாகவே, எனக்கு. இரண்டாவது ஃபிட்டர், தான் பார்த்தபோதே புள்ளிகள் இருந்தன என்றார். அது உண்மை என்று என் கண்ணுக்கே தெரியும். போரோ மிஸ்திரி, தான் நான்கு ராடுகளை மட்டுமே இறுக்கியதாகவும், எட்டு நட்டுக்குத்தான் புள்ளி வைத்ததாகவும் சொன்னார்.

“அப்படியானால் மிச்ச நான்குக்கும் வைத்தது யார்?”

கம்சாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று இறுக்காமலே புள்ளி வைத்தீர்களா?”

“புள்ளி நான் வைக்கலை. ஆனா நட்டு இறுகாமப் போனது என் வேலைதான். எழுதிக்கோங்க ஷார்.”

நான் எழுதிக்கொண்டேன். ‘போலிக் குறி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அந்தச் சொல் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கவனக் குறைவு என்றால் எச்சரிக்கையோடு போய்விடும். ஆய்வை ஏமாற்றப் போலிக் குறி வைத்தார் என்றால், எனக்குத் தெரிந்த விதிகளின்படி, சாதாரண ஃபிட்டராக இறக்குவதிலிருந்து வேலையை விட்டு நீக்குவது வரை போகலாம். அவருக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. அறிக்கையின் வரைவு முடிந்து, துர்கா பூஜை விடுமுறை கழிந்ததும் மேலாளரிடம் கொடுப்பதாக என் பையில் இருந்தது. என்னுடைய ரெஞ்ச் சோதனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டிக் இருந்ததே. நானும் சொல்லவில்லை.

இங்கே துர்கா பூஜையின் நவமி நாள்தான் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. பெஹாலாவில் நாங்கள் இருந்த குடியிருப்பின் கீழே, தெருப் பந்தலின் டாக் மேளம் காதைப் பிளந்துகொண்டிருக்க, என் மனைவி எங்கள் பழைய காருக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். சக்கர மூடிகள் எப்போதோ தொலைந்துவிட்டதால் நட்டுகள் வெளியே தெரியும். அவள் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“போதும், எழுந்திரு. சக்கரத்துக்கு ஒண்ணு வெச்சா ஆகாதா? நட்டுக்கு நட்டு எதுக்கு?”

“ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு விடுவாங்களாக்கும். உங்க பட்டறையில மட்டும் விட்டேனா?”

“பட்டறையில எங்க வெச்ச?”

“அதாங்க, அந்தப் பெரிய எஞ்சின். பக்கத்துக் கதவையெல்லாம் கழட்டிப் போட்டிருந்தாங்களே. உள்ள குனிஞ்சு பாத்தேன். எல்லா நட்டுக்கும் அழகா செவப்பு வெச்சுக்கிட்டே வந்து, கடைசி நாலுக்கு வைக்காம விட்டிருந்தாங்க. பாவம், யாரோ பாதியில எழுந்து போயிட்டாங்க போலன்னு மிச்சத்துக்கு நான் வெச்சேன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “என்னங்க? ஏன் இப்படி நிக்கிறீங்க?”

டாக் மேளம் சட்டென்று நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். நிற்கவில்லை என்கிறாள் அவள். எனக்கு அந்த நேரத்தில் எதுவும் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குங்குமக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை வீட்டில் ‘ஓர் எஞ்சின் உடைந்துவிட்டது, மிஸ்திரி மேல் விசாரணை’ என்பதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை. அலுவலக விஷயம் வீட்டுக்கு வரக் கூடாது என்பது என் சொந்தக் கையேட்டின் ஒரு படி. அங்கேயே, காருக்குப் பக்கத்தில், முழுதும் சொன்னேன். என் மனைவி மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குங்குமக் கையை வாயில் வைத்துக்கொண்டதில் முகமெல்லாம் சிவப்பாகிவிட்டது.

“ஒரு ஆள் செத்திருப்பாரா?”

“அரை நிமிஷம்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் பொட்டு வெச்சேன், சரி. நீங்க என்ன பாத்தீங்க?” என்று கேட்டாள். முப்பது வருட வேலையில் எந்த மேலதிகாரியும் கேட்காத கேள்வி. அப்போதுதான் வெள்ளைச் சட்டையைப் பற்றியும் டிக்கைப் பற்றியும் முதல் தடவையாக ஒரு மனித உயிரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது: அந்த எஞ்சினில் போலிக் குறி என்று ஒன்று இருந்தால், அது நான் தாளில் போட்ட டிக் மட்டும்தான். அவள் வைத்தது பொட்டு. அதை இறுக்கத்துக்குச் சாட்சி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தசமி கழிந்த மறுநாள் இருவரும் சாந்த்ராகாச்சியில் இருந்த போரோ மிஸ்திரி வீட்டுக்குப் போனோம். விஜயதசமி முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இனிப்போடு போவது இங்கே வழக்கம் என்பதால், அவர் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அவர் மனைவி தேங்காய் உருண்டைகள் கொண்டு வந்து வைத்தார். நான் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் என் மனைவி தொடங்கிவிட்டாள், தன் உடைந்த வங்காளத்தில், அவரை அண்ணா என்று அழைத்து. “தாதா, அந்தச் செவப்பு நான் வெச்சது.”

“தெரியும் பௌதி. உருண்டை எடுத்துக்கோங்க.”

“எப்பத் தெரியும்?” என்றேன் நான்.

“அன்னிக்கே. எண்ணெய்த் தொட்டியிலேருந்து நட்டை எடுத்தேன்ல? பெயிண்டா இருந்தா சுடு எண்ணெயில கரையாது. நான் வெச்ச எட்டும் அப்படியே இருந்துது. இந்த நாலும் கரைஞ்சு போயி, மரையில மட்டும் கொஞ்சம் செவப்பு நின்னுது. சிந்தூரம் குழைச்சது நான். கிண்ணம் குடுத்தது நான். வேற யாரு வெச்சிருப்பாங்க?”

அதே நான்கு நட்டுகள் பாலித்தீன் உறையில், சீட்டு ஒட்டி, விசாரணைக் காலம் முழுக்க என் மேஜையில் இருந்தன. நான் அவற்றின் எண்களைச் சரிபார்த்திருந்தேன்.

“ஏன் விசாரணையில சொல்லலை? வேலை போயிருக்குமே?”

அவர் தன் மனைவியைச் சமையலறைக்குள் போகச் சொல்லிவிட்டு, என்னை நேராகப் பார்த்தார்.

“சொன்னா நீங்க எழுதுவீங்க ஷார். எழுதினா படிப்பீங்க. கூட்டத்துல, எல்லார் முன்னாடியும், அந்தக் குரல்ல. பௌதி நம்ம பூஜைக்கு வந்தவங்க. நான்தான் கிண்ணத்தைக் கையில குடுத்தேன். ‘துணிக்கடை’க்கு ஆனது அவங்களுக்கு ஆகணுமா? வேலை போனா இன்னொரு பட்டறையில நட்டு முடுக்கிக்குவேன்.”

எஞ்சின் உடைந்ததில் நான் அதிர்ந்தேன். நவமியன்று காருக்குப் பக்கத்தில் அதைவிட அதிர்ந்தேன். ஆனால் சாந்த்ராகாச்சியில் அந்தச் சின்ன அறையில் எனக்கு நேர்ந்ததற்கு இன்றுவரை சரியான சொல் கிடைக்கவில்லை. ஒரு மனிதர் தன் பதவியையும் மானத்தையும் ஒரு தட்டிலும், என் குரலை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்து, என் குரல்தான் பெரிய ஆபத்து என்று முடிவு செய்திருக்கிறார். அதுவும் என் மனைவிக்கு, என்னிடமிருந்தே வரும் ஆபத்து. வாயில் வைத்த உருண்டையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர் சொன்னதில் அவளுக்குப் புதிதாக எதுவும் இல்லை போலிருந்தது.

திரும்பி வரும்போது டாக்சியில் பாலத்தின் மேல்தான் பேசினாள். “என் பேரைப் போடுங்க. மிஸஸ் ஆபீசர்னு மொட்டையாப் போடாம முழுப் பேரா போடுங்க. அதுக்குக் கீழ உங்க பேரு.”

எனக்கு ஒளிந்துகொள்ள இடங்கள் தெரியும். ‘குறிகள் தவறுதலாக இடப்பட்டிருந்தன’ என்று எழுதினால் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு வரைவும் அன்று இரவே எழுதினேன். பொய் என்று ஒரு வார்த்தையும் அதில் கிடையாது. காலையில் அதைக் கிழித்தேன். விடுமுறை முடிந்த முதல் நாள் மேலாளரிடம் கொடுத்த அறிக்கையில், பொட்டு வைத்தவர் பெயரும், கிண்ணம் கொடுத்தவர் பெயரும், ரெஞ்சைத் தொடாமலே டிக் போட்டவன் பெயரும் இருந்தன. போரோ மிஸ்திரி மேல் இருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சொல்லிவிட்டுப் போனதைத் திரும்பி வந்து சரிபார்க்கவில்லை என்பதற்காக வாய்மொழி எச்சரிக்கை. எனக்குக் கண்டனக் கடிதம். அதனால் தள்ளிப்போன பதவி உயர்வு கடைசி வரை வரவே இல்லை. அந்தப் பட்டறையில் இப்போது, இறுக்கிய நட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் வைக்கிறார்களாம். எஞ்சின்களின் கதவைப் பூஜைக்கு முந்தின நாளே மூடிப் பூட்டிவிட வேண்டும் என்பது என் கையேட்டில் தொண்ணூற்றேழாம் படியாகச் சேர்ந்தது. நான் எழுதியவற்றில் இன்னும் யாராவது பின்பற்றுவது அது ஒன்றுதான் என்று கேள்வி.

மிச்சம் இருந்தது மாதாந்திரக் கூட்டம். பதிவேட்டைப் படிக்காமல் விட்டுவிடலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் எழுந்தேன். வழக்கமான குரலில்தான் படித்தேன்; வேறு குரல் என்னிடம் இல்லை. “இந்த மாதம் நமது ஆய்வு அதிகாரி, தன் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றுவதற்காக ஓர் எஞ்சினைப் பலி கொடுத்தார்” என்று தொடங்கினேன். முன் வரிசையில் ஒருவரும் முகம் மாறவில்லை. இரண்டாவது வரியைப் படித்தேன். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பு இல்லாத இடத்தில் அந்தக் குரல் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டேன். மூன்றாவது வரியில் குரல் தானாகவே இறங்கிவிட்டது. மீதியைத் தாளுக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து போரோ மிஸ்திரி எழுந்தார். கம்சாவை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஷார், பின்னாடி கேக்கலை. எங்க தப்பைப் படிக்கிறப்ப மட்டும் படித்துறை வரைக்கும் கேக்குமே.”

இரண்டாவது ஃபிட்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. மேலாளரும் சிரித்தார். நான் மறுபடி எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படித்தேன்.